டேப் மிச்சத்துக்கு ஒரு மியூசிக்

பீட்டில்ஸ் கோஷ்டி 1969 ஜனவரியில 'யெல்லோ சப்மரின்'னு ஒரு ஆல்பம் விட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் அதே பேர்ல வந்த கார்ட்டூன் படத்தோட பாட்டுத்தட்டு. ரசிகர்கள் மத்தியில இந்தத் தட்டுக்கு நல்ல பேர் கிடையாது. முதல் பக்கத்துல ஆறு பாட்டு, அதுலயும் புதுசு நாலுதான். தட்டைத் திருப்பிப் போட்டா நாலு பேர்ல ஒருத்தர் குரலும் வராது. அவங்க ரெக்கார்டிங்கை எல்லாம் பார்த்துக்கிட்ட ஜார்ஜ் மார்ட்டின் படத்துக்குப் போட்ட பின்னணி இசை ஏழு துண்டு, அம்புட்டுதான். காசு குடுத்து வாங்கினவன் கடுப்பாகாம என்ன செய்வான்? "பாதித் தட்டுக்கு சரக்கு இல்ல, மிச்சத்தை ரொப்பிட்டாய்ங்க"ன்னு அப்ப ஆரம்பிச்ச புலம்பல் இன்னும் ஓயல. 1999-ல 'யெல்லோ சப்மரின் சாங்ட்ராக்'னு புதுசா ஒண்ணு வெளியிட்டப்ப மார்ட்டினை மொத்தமா தூக்கிக் கடாசிட்டு பாட்டா போட்டு நிரப்பிட்டாங்க.

என் ரூம்மேட் ஒரு பீட்டில்ஸ் வெறியன். அவன்தான் எனக்கு இந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டினான். ஆறாவது பாட்டு முடிஞ்சதும் போனை நோண்டப் போனவனைத் தடுத்து, மேல கேட்டேன். 'பெப்பர்லேண்ட்'னு முதல் துண்டு. வயலின் எல்லாம் சோம்பல் முறிச்சு எந்திரிக்கிற மாதிரி ஒரு இசை. சினிமாத்தனமா இருக்குன்னு அவன் சொன்னான். சினிமாவுக்குப் போட்டது சினிமாத்தனமா இல்லாம பின்ன எப்படிடா இருக்கும்?

ரொப்புறதுதான் நோக்கம்னா படத்துக்கு ஏற்கனவே எடுத்த டேப்பை அப்படியே போட்டிருக்கலாம் இல்லையா. அந்த மனுஷன் 1968 அக்டோபர்ல ரெண்டு நாள், 41 பேர் ஆர்க்கெஸ்ட்ராவை உக்கார வச்சு, ஆல்பத்துக்குன்னே மறுபடி வாசிக்க வச்சிருக்கார். 'எலினார் ரிக்பி' பாட்டுக்கு எட்டே எட்டு தந்தி வாத்தியத்தை வச்சு அந்த வேலை பார்த்தவரும் இவர்தான். ரொப்புறவன் செய்யிற காரியமா இது?

சரி, பீட்டில்ஸ் பத்தி எழுத எனக்கு என்ன தகுதி. மதுரைக்காரன், சென்னையில பொட்டி தட்டுறவன். 'ரொப்புறது'ங்கிற வார்த்தைதான் என்னை வேற பக்கம் இழுத்துட்டுப் போயிருச்சு. அது எங்க மாமா, அம்மாவோட தம்பி, தினமும் சொன்ன வார்த்தை. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

மாமா மதுரையில ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தார். டவுன்ஹால் ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு சந்துல, ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் வெளிய நிக்கணும், அம்புட்டுதான் கடை. ரெண்டு டபுள் டெக், ஒரு ஆம்ப்ளிபயர், சுவர் பூரா கேசட். வாடிப்பட்டி, உசிலம்பட்டி, அலங்காநல்லூர்னு சுத்துப்பட்டுல இருந்து ஆளுக வருவாய்ங்க. நாலா மடிச்ச பேப்பர்ல பாட்டு லிஸ்ட். வேன் டிரைவர், டீக்கடைக்காரர், மைக் செட் போடுறவர், காதலிக்குக் குடுக்குறதுக்குன்னு வர்ற காலேஜ் பசங்க (இவய்ங்க லிஸ்டை மட்டும் கையில குடுக்காம மேசையில வச்சுட்டு நகந்துக்குவாய்ங்களாம்). ரெண்டு நாள் கழிச்சு வந்தா கேசட் ரெடி. நான் பொறந்தது 97. ஒண்ணாப்பு ரெண்டாப்பு படிக்கையில லீவு நாள்ல போய் ஸ்டூல்ல உக்காந்திருப்பேன். அதாவது நான் பார்த்தது அந்தத் தொழிலோட கடைசி மூச்சை.

மாமாகிட்ட ஒரு நீட்டு நோட்டு இருக்கும். அதுல பாட்டோட முதல் வரி, பக்கத்துல நிமிஷம், செகண்டு. லிஸ்டைப் பார்த்ததும் நோட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்ப்பார். சி-60 கேசட்டுக்கு ஒரு பக்கம் முப்பது நிமிஷம். பாட்டை முன்ன பின்ன மாத்தி, எதை ஏ பக்கம் போட்டா எது பி பக்கத்துல அடங்கும்னு பென்சில்ல கணக்குப் போடுவார். காலேஜ்ல அல்காரிதம் பேப்பர்ல 'நாப்சாக் ப்ராப்ளம்'னு ஒண்ணு நடத்தினாங்க. ஒரு பைக்குள்ள எதை எதைப் போட்டா இடம் வீணாகாம நிரம்பும்னு கண்டுபிடிக்கிற கணக்கு. கிளாஸே முழிச்சிட்டு இருந்தப்ப எனக்கு மட்டும் பொறி தட்டுச்சு. அட, இது மாமா நோட்டு!

என்னதான் கணக்குப் போட்டாலும் மிச்சம் விழும். ஒரு பக்கத்துல ஒண்ணரை நிமிஷம், இன்னொண்ணுல நாலு நிமிஷம். கேசட்ல டேப் ஒரு செகண்டுக்கு 4.76 செ.மீ. ஓடும். நாலு நிமிஷம்னா பதினோரு மீட்டர் டேப் சும்மா கிடக்கு. காசு குடுத்தவனுக்கு வெறும் 'ஸ்ஸ்ஸ்'னு சத்தத்தைக் குடுக்கிறது மாமாவுக்குப் பிடிக்காது. அதனால ரொப்புவார். எல்லாக் கேசட்லயும், யார் லிஸ்ட் குடுத்தாலும், எம்.ஜி.ஆர். தத்துவப் பாட்டு கேட்டிருந்தாலும் சாமி பாட்டு கேட்டிருந்தாலும், ரொப்புறதுக்கு ஒரே மியூசிக்தான். 'பம்பாய்' படத்தோட தீம்.

அதைத் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. ஏ.ஆர்.ரகுமான் இசை. ஆல்பத்துல எட்டு ட்ராக், அதுல ஏழு பாட்டு, எட்டாவது இது. அஞ்சு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஓடும். நவீனோட புல்லாங்குழல் மெட்டை எடுத்துக் குடுக்கும், அதை வயலின் கூட்டம் வாங்கிக்கும், அடுக்கு அடுக்கா ஏறிப் பெருசாகும். அஞ்சு நிமிஷமும் கிட்டத்தட்ட ஒரே மெட்டு. திரும்பத் திரும்ப வரும், ஆனா ஒவ்வொரு தடவையும் பாரம் கூடிட்டே வரும். ஒத்தை ஆள் முனகிட்டு இருந்ததை ஒரு ஊரே சேர்ந்து முனகுற மாதிரி. எனக்கு இதைவிட நல்லா சொல்லத் தெரியல.

இதுல மாமாவோட தொழில் ரகசியம் ஒண்ணு இருக்கு. ராஜா சாரோட தீம் மியூசிக்கும் கடையில இருந்துச்சு. 'புன்னகை மன்னன்' இருந்துச்சு, 'ஹவ் டு நேம் இட்' இருந்துச்சு. மாமா அக்மார்க் ராஜா வெறியர். பண்ணைப்புரம் இன்னிக்குத் தேனி மாவட்டம், ஆனா ராஜா பொறந்தப்ப அது மதுரை மாவட்டம்தான், அதனால 'நம்ம ஊரு ஆளு'ங்கிறதை விட்டுக் குடுக்கவே மாட்டார். அப்புறம் ஏன் ரகுமான்? சின்ன வயசுல கேட்டிருக்கேன். அவர் சொன்னது:

"ராஜாவை மிச்சத்துக்குப் போடக் கூடாதுடா மாப்ள. முழுசா போடணும், இல்ல போடவே கூடாது."

அது பக்தி. இன்னொரு காரணம் தொழில். பாடுறவங்க குரல் பாதியில அறுந்தா கேக்குறவனுக்கு சங்கடம். துள்ளலா தாளம் போற மியூசிக்கும் பாதியில நின்னா படியில கால் தவறின மாதிரி இருக்கும். இந்த பம்பாய் தீம் எங்க அறுந்தாலும், அது அங்கதான் முடியுது போலன்னு தோணுமாம். ரெக்கார்டிங் சென்டர் வச்சிருந்தவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.

இதனால நடந்த கூத்து என்னன்னா, மதுரையைச் சுத்தி ஒவ்வொரு ஊர்லயும் அந்த மியூசிக் ஒவ்வொரு இடத்துல முடியும். ஒருத்தர் வேன்ல புல்லாங்குழலோட நின்னுரும். இன்னொருத்தர் டீக்கடையில வயலின் ஏறி உச்சிக்குப் போற நேரம் டெக் 'டக்'னு எந்திரிச்சிரும். முழுசா கேட்டவன் ரொம்பக் கம்மி. வாடிப்பட்டிப் பக்கம் இருந்து ஒரு வேன் டிரைவர் திரும்பி வந்து, "அண்ணே, கடைசியில பாதியில நிக்கிதே, அது என்ன பாட்டுண்ணே? முழுசா வேணும்"னு கேட்டதை மாமா இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பார். லிஸ்ட்ல எழுதத் தெரியாத ஒண்ணைக் கேட்டு ஒரு ஆள் பஸ் ஏறி வந்திருக்கான் பாருங்க.

இங்க படத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். 'பம்பாய்' 1995 மார்ச்ல ரிலீஸ். எடுத்தவர் மணிரத்னம், அவர் பொறந்ததும் மதுரையிலதான். தமிழ்நாட்டுக் கிராமத்துல இருந்து ஓடிப்போற இந்துப் பையன், முஸ்லிம் பொண்ணு, பம்பாயில குடும்பம், ரெட்டைப் புள்ளைங்க, அப்புறம் 1992 டிசம்பர், 1993 ஜனவரி கலவரம். நிஜக் கலவரத்துல ஏறக்குறைய 900 பேர் செத்துப் போனதா ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கை சொல்லுது. படம் வந்து நாலு மாசத்துல, 95 ஜூலையில, மணிரத்னம் வீட்டு மேல குண்டு வீசினாங்க. அவருக்குக் காயம். அந்த நேரத்துல மாமா கடையில 'கண்ணாளனே'வும் 'உயிரே'வும் நாளுக்கு எத்தனை தடவை ஓடியிருக்கும்னு கணக்கே கிடையாது.

மாமா அந்தப் படத்தைப் பார்த்ததில்ல. தியேட்டர்லயும் பார்க்கல, பிறகு டிவில போட்டப்பவும் பார்க்கல. போட்டா "காத்தாட நடந்துட்டு வர்றேன்"னு எந்திரிச்சுப் போயிருவார். ரகுமான் பாட்டுன்னா அவருக்கு ஆகாது, அதான் போலன்னு வீட்டுல நாங்க பிள்ளைங்க எல்லாம் நினைச்சுக்குவோம்.

காலேஜ் முடிச்ச வருஷம்தான் அம்மா சொன்னாங்க. மாமா 91-ல இருந்து பம்பாயில இருந்திருக்கார். தாராவியில. நம்ம பக்கத்து ஆளுக நிறையப் பேர் போன மாதிரி இவரும் போய், காலையில இட்லிப் பாத்திரத்தை சைக்கிள்ல கட்டிட்டுத் தெருத் தெருவா விக்கிற வேலை. ஒரே ரூம்ல ஆறு பேர். அதுல ஒருத்தர் மேலூர் பக்கத்துக்காரர். பேர் எங்க யாருக்கும் தெரியாது, மாமா 'பாய்'னு மட்டும் சொல்வார். பாய்கிட்ட ஒரு டூ-இன்-ஒன் இருந்துச்சாம். ராத்திரி அதுல ராஜா பாட்டு. மாமா ஹெட் துடைக்க, அறுந்த டேப்பை ஒட்ட, பென்சிலை விட்டுச் சுத்த, எல்லாம் கத்துக்கிட்டது பாய்கிட்டதான்.

93 ஜனவரியில ரூம் காலியாச்சு. எந்தச் சந்துல யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாதுன்னு ஊரே பிரிஞ்சு கிடந்த நாள். தெரிஞ்சவங்க வந்து மாமாவை 'நம்ம ஆளுக' இருக்கிற பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. பாய் 'அவங்க' பக்கம் போனார். ரெண்டு இடத்துக்கும் நடுவுல நடந்தா பத்து நிமிஷமாம். அந்தப் பத்து நிமிஷத்தை ஒரு வாரம் ரெண்டு பேராலயும் நடக்க முடியல. பிறகு மாமா போய்ப் பார்த்தப்ப அங்க பாய் இல்ல. ஊருக்குக் கிளம்பிட்டார்னு ஒருத்தர் சொன்னார், ஆஸ்பத்திரியில பார்த்தேன்னு இன்னொருத்தர் சொன்னார். மாமா ஒத்தைப் பையோட ட்ரெயின் ஏறி வந்துட்டார். வந்த பிறகு ஒரு தடவை மேலூர் போய் ரெண்டு மூணு கிராமத்துல விசாரிச்சிருக்கார். பேர் பாதிதான் தெரியும், ஊர் பேரும் சரியாத் தெரியாது. பம்பாய்ல இருக்கிற பையன்னு கேட்டா, வீட்டுக்கு ஒரு பையன் பம்பாய்லதான் இருந்தானாம்.

அடுத்த வருஷம் ரெக்கார்டிங் சென்டர்ல வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அந்தக் கடையையே எடுத்து நடத்தினார். இதை அம்மா சமையல்கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னாங்க. "அவன்கிட்ட கேட்டு வைக்காத, ரெண்டு நாளைக்கு சாப்பிட மாட்டான்"னாங்க.

அதுக்கப்புறம் அந்த மியூசிக்கை என்னால சும்மா கேக்க முடியல. இணையத்துல அதையே ஒரு மணி நேரம் ஓட்டி, 'மனதை அமைதிப்படுத்தும் இசை'ன்னு பேர் வச்சு, தாமரைப் பூ படம் போட்டிருக்காங்க. பார்த்தா எரிச்சல் வரும். எங்க ஏரியா கேபிள்ல கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்கும் கல்யாண வீடியோவுக்கும் அதேதான் ஓடுச்சு. ஒரு நண்பர் எதிர்ப்பக்கமா ஒண்ணு சொன்னார். ஊர் எரிஞ்சதைப் பத்தின படத்துக்கு இவ்வளவு அழகான இசை போடுறதே ஒரு ஏமாத்து வேலை, ரத்தத்துக்கு மேல பன்னீர் தெளிக்கிறதுன்னார். வாதம் பலமானதுதான். ஆனா நான் ஒத்துக்கல. தாமரைப் பூ போட்டவங்களுக்கும் அவருக்கும் சேர்த்து என் பதில், அதை முழுசா, வேற வேலை பார்க்காம, ஒரு தடவை கேளுங்க. எந்த இடத்துலயும் அது உங்களை சமாதானப்படுத்தாது. ஒரே கேள்வியை விடாம கேட்டுட்டு இருக்கிற மாதிரி இருக்கும். குரலை உயர்த்திக் கேட்கும், பதில் வராது.

இன்னொரு விஷயம் பொட்டி தட்டுறவன் மூளைக்கு எட்டினது. படம் தமிழ்ல எடுத்து இந்தி, தெலுங்குக்கு டப் ஆச்சு. வைரமுத்து எழுதினதை எல்லாம் இந்தியில மெகபூப்பும் தெலுங்குல வேட்டூரியும் மாத்தி எழுதினாங்க. 'உயிரே' 'தூ ஹி ரே' ஆச்சு. ஏழு பாட்டுக்கும் சட்டை மாத்தியாகணும். எட்டாவதுக்கு அந்த வேலையே இல்ல, எந்த மொழி ஆல்பத்துலயும் அப்படியே போய் உக்காந்துக்கும். அது பாட்டுக்குக் கிளம்பி எங்கெங்கயோ போச்சு. 1997-ல லண்டன்ல தல்வின் சிங் தொகுத்த 'அனோகா' ஆல்பத்துல இருக்கு. பாலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமானோட 'டிவைன் இன்டர்வென்ஷன்' (2002) படத்துல இருக்கு. செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் அவன் காதலி, நடுவுல தாண்ட முடியாத கொஞ்ச தூரம், இதுதான் அந்தப் படத்துல வர்ற காதல். பார்த்தப்ப எனக்கு அந்தப் பத்து நிமிஷ நடைதான் ஞாபகம் வந்துச்சு. 2005-ல நிக்கோலஸ் கேஜ் துப்பாக்கி வியாபாரியா வர்ற 'லார்ட் ஆப் வார்'லயும் ஓடும். மதுரையில டேப் மிச்சத்துக்கு ஓடிட்டு இருந்த சரக்கு!

மாமா கடைக்கு அப்புறம் எம்பி3 சிடி வந்துச்சு. ஒரு சிடியில நூத்தைம்பது பாட்டு. மிச்சம்னு ஒண்ணே கிடையாது. இருந்தாலும் அது எத்தனை நிமிஷம்னு எவனுக்கும் அக்கறை இல்ல. நீட்டு நோட்டுக்கு வேலை போச்சு. கொஞ்ச நாள் மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுத்தார், பிறகு அதுவும் போச்சு. இப்ப அதே சந்துல செல்போன் கவரும் சார்ஜரும் விக்கிறார். நல்லாத்தான் ஓடுது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, அம்மா பேச்சை மீறி, சுத்தி வளைச்சுக் கேட்டேன். மாடியில ரெண்டு பேர் மட்டும்.

"ஏன் மாமா, எல்லாக் கேசட்லயும் அந்த மியூசிக்கையே போட்டீங்க? யாராச்சும் கேக்கணும்னு போட்டீங்களா?"

கொஞ்ச நேரம் எதிர் வீட்டு மாடியைப் பார்த்துட்டு இருந்தார்.

"டேப் மிச்சம் இருந்துச்சுடா மாப்ள. போட்டேன்."

அதுக்கு மேல நான் கேட்கல. அவரும் அன்னிக்கு சாப்பிட்டார், அம்மா சொன்ன மாதிரி ஒண்ணும் ஆகல.

கிளம்புறதுக்கு முன்னாடி பேச்சை மாத்துறதுக்காக பீட்டில்ஸ் கதையைச் சொன்னேன். ரெண்டாவது பக்கம் பூரா பாட்டே இல்லாம ரொப்பினாய்ங்கன்னு ஊரே திட்டுச்சுன்னு. "எவன்டா ரொப்பினது? பெரிய ஆளா இருப்பான் போல. அதை எனக்கு அனுப்பிவிடு"ன்னார். சென்னை வந்து 'பெப்பர்லேண்ட்'டை வாட்ஸப்ல அனுப்பினேன். மறுநாள் காலையில வாய்ஸ் மெசேஜ். பின்னால சந்துல ஆட்டோ சத்தம்.

"கேட்டேன் மாப்ள. நல்லாருக்கு. நாலு தடவை கேட்டேன். ரெண்டே கால் நிமிசத்துக்குக் கொஞ்சம் மேலதான் வருது. இது அப்பக் கையில இருந்திருந்தா சின்ன மிச்சத்துக்கெல்லாம் அறுக்காம முழுசாப் போட்டிருக்கலாம்."